விலாங்கின் பெயரில் ஒரு தீவு இருந்தது!

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அந்த இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று ஒரு படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை. 1964 டிசம்பர் புயல் ஊரையே வாரிக்கொண்டு போன பிறகு, கூரை இழந்து நிற்கும் சுவர்கள் அவை. பின்னால் கடல், முன்னால் மணல், நடுவே கறுத்துப்போன கல். படம் எடுத்து முடித்ததும் பலரும் சங்கு, சிப்பி விற்கும் கடைகள் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு நிமிடம் நின்று அந்தச் சுவரைக் கிட்டத்தில் பார்க்கலாம். பூச்சு உதிர்ந்த இடங்களில், கல்லின் மேல் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் தெரியும். தேனடை போன்ற குழிகள், கோலத்தின் நெளிவு போன்ற வரிகள் தெரியும். எந்தச் சிற்பியும் செதுக்கியதில்லை அது. அதன் பெயர் முருகைக்கல். கடலுக்கு அடியில் உயிரோடு வளர்ந்த பவளப்பாறையை வெட்டி எடுத்து, செங்கல்லைப் போல அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

கடலுக்குள் இருந்தபோதும் அந்தக் கல் வீடாகத்தான் இருந்தது. மேல்பரப்பில் பவள உயிரிகள், இடுக்கில் நண்டு, நிழலில் சிங்கி இறால். இருட்டான பொந்துக்குள், வாயைத் திறந்து திறந்து மூடியபடி வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு முகம். அந்த முகத்தின் பெயர் அஞ்சாளை.

பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இரண்டு பக்கமும் நல்லவராக நடந்துகொள்பவரைக் குத்திக்காட்டச் சொல்வது. அந்த விலாங்கின் கடல் உறவுதான் அஞ்சாளை. ஆங்கிலத்தில் மோரே ஈல் என்கிறார்கள். உலகின் வெப்பக் கடல்களில் ஏறக்குறைய 200 வகைகள் இருக்கின்றன. கை நீளம்கூட இல்லாதவை உண்டு. ராட்சத அஞ்சாளையோ 3 மீட்டர் நீளம், 30 கிலோ எடை வரை வளரும்.

பார்வைக்குப் பாம்பு. உண்மையில் முழு மீன். செவுளால்தான் மூச்சு விடுகிறது. மற்ற மீன்களுக்கு இருப்பது போல மார்புப் பக்கத்தில் துடுப்பு இல்லை, உடம்பில் செதிலும் இல்லை. தடித்த தோல், அதன் மேல் வழவழவென்று ஒரு கோழைப் பூச்சு. இந்த அமைப்பு எல்லாமே ஒரே வேலைக்காக உருவானது போல இருக்கும். கரடுமுரடான கல்லிடுக்கில் உரசிக்கொள்ளாமல் நுழைய வேண்டும். நுழைந்த வேகத்திலேயே பின்னால் வரவும் தெரிய வேண்டும். துடுப்பும் செதிலும் இருந்தால் அது நடக்காது.

பாம்பன் பாலத்தைத் தாண்டி மேற்கே திரும்பினால், தூத்துக்குடி வரை கரைக்கு இணையாகக் கடலுக்குள் ஒரு தீவு வரிசை போகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். இந்தத் தீவுகளைச் சுற்றிலும் உள்ள பவளத் திட்டுகளில் நூற்றுக்கும் அதிகமான பவள வகைகள் பதிவாகியுள்ளன. மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். பார் இருக்கும் இடத்தில் பொந்து இருக்கும். பொந்து இருக்கும் இடத்தில் அஞ்சாளை இருக்கும்.

அந்த வாய் எதற்குத் திறந்திருக்கிறது?

அஞ்சாளையை முதன்முறை பார்ப்பவர்கள் பயப்படுவது அதன் வாயைப் பார்த்துத்தான். ஊசி ஊசியாகப் பற்கள். வாய் மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது. கடிக்கத் தயாராகிறது என்றே தோன்றும்.

அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். பல மீன்களுக்குச் செவுள் மூடி அசைந்து தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அஞ்சாளையின் செவுள் வாசலோ பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை மட்டுமே. அதனால் வாயால் தண்ணீரை வாங்கி, செவுள் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் மிரட்டல் என்று நினைத்தது அதன் சுவாசம்.

கண் பார்வை சுமார்தான். மூக்கு அபாரம். முகத்தின் முன்னால் சின்னக் குழல் போல நீட்டிக்கொண்டிருக்கும் நாசியால் தண்ணீரில் கலந்து வரும் வாசனையைப் பிடித்துவிடும். இரவில் இரை தேடுவதற்கு அது போதும்.

அதற்காக அப்பாவி என்று சொல்லிவிடவும் முடியாது. சங்கு குளிப்பவர்களும் சிங்கி இறால் எடுப்பவர்களும் பொந்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு கையை விடமாட்டார்கள். அஞ்சாளை தானாகத் தேடி வந்து மனிதரைக் கடிப்பது அபூர்வம். தன் வீட்டுக்குள் நுழையும் கையை விடாது. கடித்தால் பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். காயத்தை நன்றாகக் கழுவி உடனே மருத்துவரிடம் போவதுதான் வழி.

தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில் ஒரு ராட்சத அஞ்சாளைக்கு முக்குளிப்பவர்கள் கையால் இறைச்சித் துண்டு ஊட்டிப் பழக்கியிருந்தார்கள். நாய்க்குட்டி போல வந்து வாங்கிக்கொள்ளும். ஒருநாள் ஊட்டியவரின் கட்டைவிரலே போய்விட்டது. அதற்குக் கோபம் ஏதுமில்லை. இறைச்சி வாசம் வீசியது, எட்டிப் பிடித்தது. துண்டு எது, விரல் எது என்று பிரித்துப் பார்க்கும் கண் அதற்கு இல்லை.

தொண்டைக்குள் இன்னொரு தாடை

இந்த மீனின் பெரிய ரகசியம் 2007-ல்தான் வெளியே வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெய்ன்ரைட்டும், அஞ்சாளை இரை விழுங்குவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள்.

பெரும்பாலான மீன்கள் வாயை அகலத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி இழுக்கும். ஒடுங்கிய பொந்தில் வாழும் அஞ்சாளைக்குத் தலையை அப்படி விரிக்க இடமில்லை. அதற்கு இயற்கை வேறு ஏற்பாடு செய்திருக்கிறது. முன் தாடை இரையைக் கவ்வியதும், தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை முன்னால் பாய்ந்து வருகிறது. அதிலும் பற்கள். இரையைப் பிடித்து அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு இழுப்பது போல.

இரை பெரிதாக இருந்தால் இன்னொரு வித்தை. வாலில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைத் தலை வரை உருட்டிக்கொண்டு வந்து, அதையே பிடிமானமாக வைத்து இரையைப் பிய்த்துவிடும்.

வேட்டையில் கூட்டணியும் உண்டு. செங்கடலில் ஆய்வு செய்த ரெடுவான் ப்ஷாரியும் அவருடைய குழுவினரும் 2006-ல் இதைப் பதிவு செய்தார்கள். களவா இனத்து மீன் ஒன்று ராட்சத அஞ்சாளையின் பொந்து வாசலுக்கு வந்து, தலையை வேகமாக ஆட்டும். 'வா, போகலாம்' என்பதற்கான அழைப்பு அது. அஞ்சாளை வெளியே வரும், இரண்டும் சேர்ந்து கிளம்பும். வெளியே ஓடும் மீனைக் களவா பார்த்துக்கொள்ளும். இடுக்கில் ஒளியும் மீனை அஞ்சாளை பார்த்துக்கொள்ளும். பங்கு போட்டுச் சாப்பிடுவதில்லை. யாருக்குச் சிக்குகிறதோ அவருக்கு. ஆனாலும் தனித்தனியாகப் போவதைவிட இருவருக்கும் லாபம்.

முடசல் ஓடையில் கிடைத்த பெயர்

இத்தனை இருந்தும், கரையில் அஞ்சாளைக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆழ்வலையில் மற்ற மீன்களோடு சேர்ந்து வரும். ஏலத்தில் வஞ்சிரம், பாறைக்கு உள்ள போட்டி இதற்கு இருக்காது. சில வெளிநாட்டுக் கடல்களில் பெரிய அஞ்சாளையைச் சாப்பிட்டு நோய்வாய்ப்பட்டவர்கள் உண்டு. பாசியில் தொடங்கி, சின்ன மீன், பெரிய மீன் என்று ஏறி வரும் சிகுவாடெரா நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்துவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாத நஞ்சு அது.

அப்படி யாரும் கண்டுகொள்ளாமல் ஒதுக்கும் மீன்களில் ஒன்றுதான் தமிழ்நாட்டின் பெயரை அறிவியல் புத்தகத்தில் ஏற்றியது. கடலூர் மாவட்டம் முடசல் ஓடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த பழுப்பு நிற அஞ்சாளைகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பரிசோதித்தார்கள். இதுவரை அறியப்பட்ட எந்த வகையோடும் அவை ஒத்துப்போகவில்லை. 2023-ல் புதிய இனமாக அறிவித்து, 'ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுவென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

நம் கடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கே இன்னும் முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கணக்கு முடிவதற்குள் வீடுகள் குறைந்துகொண்டு வருகின்றன.

மூழ்கிய விலாங்குச்சல்லி

தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகள் நான்கு. வான், கோசுவாரி, காரியச்சல்லி, விலாங்குச்சல்லி. கடைசிப் பெயரை இன்னொரு முறை படிக்கலாம். விலாங்கு, சல்லி. விலாங்கு என்றால் அந்த நீண்ட மீன். சல்லி என்றால் உடைந்த கல். கடலோர மக்கள் ஒரு இடத்துக்குப் பெயர் வைத்தால், அங்கே என்ன இருந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

இன்று அந்தப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. விலாங்குச்சல்லி கடலுக்குள் மூழ்கிவிட்டது. கீழக்கரைப் பக்கத்தில் பூவரசன்பட்டி தீவும் அப்படியே போனது. 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்கு அடியில்.

எப்படிப் போனது? பல பத்தாண்டுகளாக இந்தக் கடலில் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். வீட்டுச் சுவருக்குக் கல், சுண்ணாம்புக் காளவாய்க்குக் கல், தொழிற்சாலைக்குக் கல். வள்ளம் வள்ளமாகக் கரைக்கு வந்தது. பவளத் திட்டு என்பது தீவுக்கு முன்னால் நிற்கும் மதில். அலையின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். மதிலை எடுத்துவிட்டால் அலை நேராகத் தீவின் மணலில் அடிக்கும். மணல் கரையும். இந்தத் தீவுகள் கரைந்ததற்கு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான். அதோடு கடல் மட்ட உயர்வும் சேர்ந்துகொண்டது.

உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு சுவருக்கு வைத்த ஒரு கல், ஒரு மனித ஆயுளின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டு வளர்ந்திருக்கும். கடப்பாறைக்கு அது சில நிமிட வேலை.

2001-ல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அது. அதற்குப் பின் வெட்டுவது படிப்படியாக நின்றது. ஆனால் கடல் சூடாவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெப்பம் தாங்காமல் வெளுத்தன. வெளுத்த பவளம் நீண்ட நாள் அப்படியே இருந்தால் இறந்துவிடும். இறந்த பவளம் மெல்ல மெல்ல உதிரும். பொந்துகள் தூர்ந்துபோகும்.

காரியச்சல்லியும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த தீவு. இன்று அதில் கால் பங்குகூட இல்லை.

கொளத்தூரில் இருந்து கூடத்துக்கு

கடலில் வீடு குறைந்துவரும் இதே காலத்தில், அஞ்சாளை இன்னொரு வீட்டுக்கும் குடிவந்திருக்கிறது. கண்ணாடி வீடு.

சென்னை கொளத்தூர், தமிழ்நாட்டின் வண்ண மீன் தலைநகரம். தெருவுக்குத் தெரு மீன் கடைகள். பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்துத் தொங்கும் தங்கமீன்கள், ஃபைட்டர்கள், கப்பிகள். இங்கே நன்னீர் மீன்கள்தான் ராஜா. ஆனால் இன்று நகரத்து வண்ண மீன் வியாபாரத்தில் கடல் மீன் தொட்டிகளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்தப் பட்டியலில் அஞ்சாளையும் இருக்கிறது. பெரும்பாலும் 'ஸ்னோஃப்ளேக் ஈல்' என்ற வகை. வெள்ளை உடம்பில் கறுப்புப் பூக்கள், நடுவே மஞ்சள் புள்ளிகள். நண்டை நொறுக்குவதற்கேற்ற மழுங்கிய பற்கள். மற்ற அஞ்சாளைகளைவிடச் சாது.

வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலில், கையளவு குட்டியாக வாங்கியது வளர்ந்து இரண்டு, இரண்டரை அடியைத் தொடும். அதற்குக் குறைந்தது 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி வேண்டும். தண்ணீர் குழாயில் வருவது ஆகாது. சுத்திகரித்த நீரில் கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கலக்க வேண்டும். சமையல் உப்புக்கு அந்த வேலை தெரியாது.

இரண்டாவது, மூடி. தொட்டியில் இருந்து அஞ்சாளை தப்பிப்பது போல வேறு மீன் தப்பிக்காது. மின்கம்பி நுழைய விட்ட சிறு இடைவெளி அதற்குக் கதவு. காலையில் எழுந்து பார்த்தால் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும். ஸ்னோஃப்ளேக் வகை தண்ணீருக்கு வெளியே வந்தும் இரையை விழுங்கக்கூடியது என்று ரீட்டா மேத்தாவின் இன்னோர் ஆய்வு 2021-ல் காட்டியது. கரையில் நண்டைத் துரத்திப் பிடிக்கும் பழக்கம் அதற்கு உண்டு. வீட்டுக் கூடத்தில் நண்டும் இல்லை, திரும்பிப் போகக் கடலும் இல்லை.

மூன்றாவது, உணவு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கணவாய்த் துண்டு, இறால், மீன் துண்டு. நீளமான இடுக்கியால்தான் கொடுக்க வேண்டும். சிமிலன் தீவுக் கட்டைவிரல் நினைவில் இருக்கட்டும். அதே தொட்டியில் இறாலும் நண்டும் வளர்க்க ஆசைப்பட்டால், அது அஞ்சாளைக்கு வைத்த விருந்து.

நான்காவதுதான் மிக முக்கியம். பொந்து. அழகான கல், வண்ண விளக்கு எல்லாம் பார்ப்பவருக்கு. அஞ்சாளைக்கு வேண்டியது, உடம்பு முழுக்க மறையும்படி ஓர் இருட்டுக் குழல். ஒரு சாதாரணப் பிவிசி குழாய்த் துண்டு போதும். ஒளிந்துகொள்ள இடமில்லாத அஞ்சாளை சாப்பிடாது, தொட்டியின் மூலைகளில் முட்டிக்கொண்டே இருக்கும்.

ஏமாற்றமும் இதில் உண்டு. 'நன்னீர் அஞ்சாளை' என்ற பெயரில் விற்கப்படும் மீன் பெரும்பாலும் கங்கைக் கழிமுகத்துச் சேற்று அஞ்சாளை. ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-லேயே தன் கங்கை மீன்கள் நூலில் பதிவு செய்த இனம். ஆறும் கடலும் கலக்கும் உப்புக்கரிப்பான நீரில் வாழ்வது. தங்கமீன் தொட்டியில் விட்டால் உடனே சாகாது. அதுதான் வில்லங்கம். வாரக்கணக்கில் சாப்பிடாமல் மெலிந்து, வளர்ப்பவர் காரணம் புரியாமல் தவிக்கும்போது ஒருநாள் போய்விடும். 'இது எந்தத் தண்ணீரில் இருந்து வந்தது?' என்று கடையில் ஒரு கேள்வி கேட்டால் ஓர் உயிர் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. கப்பி மீன் தொட்டியிலேயே குட்டி போடும். அஞ்சாளை அப்படி இல்லை. முட்டையில் இருந்து வருவது கண்ணாடி போல ஒளி ஊடுருவும், இலை வடிவக் குஞ்சு. அது மாதக்கணக்கில் திறந்த கடலில் மிதந்து அலைந்து, பிறகு ஒரு பாரைக் கண்டு இறங்கும். அதைத் தொட்டியில் வளர்த்தெடுப்பது மிகக் கடினம். அதனால் வீடுகளில் இருக்கும் கடல் அஞ்சாளைகள் ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடித்தவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாரில் ஒரு பொந்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தவை.

வளர்க்க முடியாமல் போனால் கொண்டுபோய்க் கடலில் விடுவதும் தீர்வில்லை. தொட்டியில் இருந்து கடலுக்குப் போன சிங்க மீன்கள் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் பெருகி, அங்குள்ள மீன்களை விழுங்குவது உலகம் அறிந்த கதை. விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

கம்மல் போட்ட அஞ்சாளை

வீட்டில் அஞ்சாளை வளர்க்கும் ஆசை இன்று நேற்று வந்ததில்லை. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவில் அது பெரிய கௌரவம். கொற்கை முத்து கப்பலேறி ரோமானியர்களின் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலம்.

அங்கே பணக்காரர்கள் கடற்கரை மாளிகையோடு சேர்த்துக் கல்லில் குளம் வெட்டி, கடல் நீரை உள்ளே விட்டு அஞ்சாளை வளர்த்தார்கள். ஜூலியஸ் சீசரின் வெற்றி விருந்துகளுக்குக் கையஸ் ஹிரியஸ் என்பவர் தன் குளத்தில் இருந்து 6,000 அஞ்சாளைகளைக் கொடுத்தார் என்று மூத்த பிளினி எழுதியிருக்கிறார். ஹார்டென்சியஸ் என்ற பெரிய வழக்கறிஞர், தான் வளர்த்த அஞ்சாளை இறந்தபோது அழுதாராம். அதே மாளிகைக்குப் பின்னால் வந்த அன்டோனியா என்ற சீமாட்டி, தன் செல்ல அஞ்சாளைக்குக் கம்மல் போட்டுவிட்டார். அதைப் பார்க்கவே ஊரில் இருந்து கூட்டம் வந்ததாம்.

எல்லாக் குளத்திலும் அன்பு இல்லை. வேடியஸ் போலியோ என்ற செல்வந்தர், தவறு செய்யும் அடிமைகளை அஞ்சாளைக் குளத்தில் தள்ளும் பழக்கம் உள்ளவர். பேரரசர் அகஸ்டஸ் விருந்துக்கு வந்த நாளில், ஓர் அடிமைச் சிறுவன் படிகக் கோப்பையை உடைத்துவிட்டான். குளத்துக்கு இழுத்துப் போனபோது அவன் பேரரசரின் காலில் விழுந்தான். சாவில் இருந்து காப்பாற்றும்படி அவன் கேட்கவில்லை. இப்படிச் சாகவேண்டாம் என்று மட்டுமே கேட்டான். அகஸ்டஸ் அவனை விடுவித்தார். வீட்டில் இருந்த எல்லாப் படிகக் கோப்பைகளையும் தன் கண் முன்னால் உடைக்கச் சொன்னார். குளத்தையும் தூர்க்கச் சொன்னார்.

ஒரே மீன். ஒருவர் அழுதார், ஒருவர் கம்மல் போட்டார், ஒருவர் கொலைக்குப் பயன்படுத்தினார். அந்த மீனுக்கு எது தேவை என்று மட்டும் யாரும் கேட்டதாக எழுத்தில் இல்லை.

துளை வைத்த கான்கிரீட்

அந்தக் கேள்விக்குத் தூத்துக்குடிக் கடலில் இப்போது ஒரு பதில் எழுதப்படுகிறது.

வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர். 40 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். 2014-ல் அதில் 2 ஹெக்டேர்தான் மிஞ்சியது. விலாங்குச்சல்லியின் கதி இதற்கும் வந்துவிடும் என்ற நிலையில், 2015 முதல் தீவைச் சுற்றிக் கடலடியில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கினார்கள். அடி அகன்று, மேலே ஒடுங்கி, பக்கவாட்டில் வட்ட வட்டமாகத் துளைகள் வைத்தவை. பவளத் திட்டு செய்த மதில் வேலையை இவை செய்யவேண்டும் என்பது திட்டம். அலை வேகம் இழந்து தீவை அடையத் தொடங்கியது. கரைவது நின்று, மணல் மறுபடி சேரத் தொடங்கியது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், உயிருள்ள பவளத் துண்டுகளைப் பதியம் போடுவது போல நட்டு வளர்க்கும் வேலையை 2002 முதல் செய்து வருகிறது. இப்போது காரியச்சல்லிக்கும் இதே வகைக் கட்டமைப்புகளைக் கொண்டுபோகும் பணிகளை அரசு கையில் எடுத்துள்ளது.

துளைகள் வைத்தது தண்ணீர் கடந்து போவதற்கு. ஆனால் கடலில் ஒரு துளை அதிக நாள் காலியாக இருப்பதில்லை. முதலில் பாசி படியும். பிறகு சிப்பி ஒட்டும். சின்ன மீன் வரும், அதைத் தேடிக் களவா வரும். இருட்டான, உடம்பு நுழையும் அளவுள்ள ஒரு துளைக்காக எப்போதும் ஏங்குவது யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கூடத்துத் தொட்டியில் போட்ட பிவிசி குழாயும், கடலடியில் இறக்கிய கான்கிரீட் துளையும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள். எடுத்த வீட்டுக்குப் பதிலாக மனிதர் கொடுக்கும் மாற்று வீடு. முதலாவதில் அஞ்சாளை தன்னந்தனியாக, யாராவது இடுக்கியோடு வரும்வரை காத்திருக்கும். இரண்டாவதில் ஒரு களவா வாசலில் வந்து தலையை ஆட்டிக் கூப்பிடக்கூடும்.

தீவுகளுக்குள் பொதுமக்கள் இஷ்டம்போல் போக முடியாது, போகவும் வேண்டாம். கடல் உயிர்களைக் குழந்தைகளுக்குக் காட்ட விரும்புபவர்கள், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்துக்குப் போகலாம். அங்கிருந்து தனுஷ்கோடி அதிக தூரமில்லை.

போனால், அந்தச் சுவரின் முன்னால் குழந்தையைத் தூக்கிக் காட்டலாம். நட்சத்திர வரிகளுக்கு நடுவே அங்கங்கே விரல் நுழையும் துளைகள் இருக்கும். இப்போது அதில் மணலும் காற்றும்தான். 'இது யார் வீடு?' என்று குழந்தை கேட்டால், சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது.